அபோண்டி மூன்றாக வெட்டிய புத்தகம்

அபோண்டியிடம் போய்ப் புத்தகம் கேட்டால் உடனே எடுத்துத் தர மாட்டாள். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

கிசுமு பேருந்து நிலையத்தின் மேற்கு வாசலில், நீலத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அந்த நாற்பத்தாறு வயதுப் பெண்மணிக்கு எல்லோரும் பதில் சொன்னார்கள். முதலாளி திட்டினார், அக்கா. மகள் பரீட்சையில கோட்டை விட்டுட்டா, அக்கா. கண்ணாடியில பார்த்தேன், எங்க அப்பா மூஞ்சி தெரிஞ்சுது, அக்கா. அபோண்டி தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிறகு கை மட்டும் பின்னால் போகும். திரும்பி வரும்போது அதில் ஒரு புத்தகம் இருக்கும். பரீட்சையில் ஐந்து முறை தோற்று ஆறாம் முறை எழுதப் போகாமல் ரொட்டிக்கடை வைத்த பெண் எழுதியது. ஒரு காலை இழந்த பிறகு நீச்சல் கற்றுக்கொண்ட தபால்காரர் எழுதியது. கோபத்தை அடக்காமல் அதைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு வக்கீல் எழுதியது. உள்ளே ஒரு துண்டுச்சீட்டும் வைப்பாள். 'ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு பக்கம். ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது.'

சீட்டு எழுதித் தருவதால் நிலையத்தில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

அதற்கு முன் பதினேழு வருஷம் அவள் ஒரு தொலைதூரப் பேருந்துக் கம்பெனியின் பார்சல் அறையில் வேலை பார்த்தாள். நைரோபியிலிருந்து விடிகாலையில் வந்து நிற்கும் வண்டிகளில் பயணிகள் விட்டுப்போன பொருளெல்லாம் அவள் அலமாரிக்குத்தான் வரும். குடையைத் தேடி வருவார்கள். ஒற்றைச் செருப்பைத் தேடிக்கூட ஒருவர் வந்தார். புத்தகத்தைத் தேடி யாரும் வந்ததில்லை. விட்டுப்போனவற்றில் முக்கால்வாசி ஒரே ரகம்தான்: பயப்படாதே, எழுந்து நில், உன்னால் முடியும். எந்தப் பக்கத்தின் முனை மடங்கியிருக்கிறது என்று பார்த்தாலே அந்தப் பயணி எந்த ஊர் தாண்டியதும் தூங்கிப்போனார் என்று அபோண்டி சொல்லிவிடுவாள்.

பொழுது போகாமல்தான் படிக்கத் தொடங்கினாள். கல்யாணமாகி எட்டு வருஷம் மாமியார் முன்னால் வாயே திறக்காதவள், அப்படி ஒரு புத்தகத்தின் அறுபதாம் பக்கம் முடித்த அன்று மாலை வாய் திறந்தாள். அதன் பிறகு எட்டு வருஷம் மாமியார் வாய் திறக்கவில்லை என்பது பக்கத்துக் கடை மிலிசெண்ட் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் கதை.

கம்பெனியை மூடியபோது அலமாரியில் இருந்த புத்தகங்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அபோண்டி சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து மேற்கு வாசலில் உட்கார்ந்தாள். முதல் இரண்டு வாரம் எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு, வாங்கியவர்கள் இல்லை. புத்தகத்தின் கனத்தைக் கையில் பார்த்ததுமே சிலருக்கு முகம் மாறியது.

"அடியே, என்னைப் பாரு," என்றாள் மிலிசெண்ட். அவள் சமையல் எண்ணெய் விற்பவள். பெரிய பீப்பாயிலிருந்து சின்ன அளவையால் மொண்டு ஊற்றுவாள். "இங்க எவனாவது ரெண்டு லிட்டர் வாங்குறானா? இன்னிக்கு மீன் பொரிக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான். சர்க்கரையும் அப்படித்தான், சோப்புத்தூளும் அப்படித்தான். நீ மட்டும் முந்நூறு பக்கத்தைத் தூக்கி ஒருத்தன் தலையில வெச்சா?"

"புத்தகத்தை எப்படிடீ அளந்து ஊத்துறது?"

"பிளேடு எதுக்கு இருக்கு?"

அன்றிலிருந்து அபோண்டி வெட்டத் தொடங்கினாள். தடித்த புத்தகத்தை முதுகோடு மூன்றாக அறுத்து, மீன்வலை நூலால் தைத்து, சர்க்கரைப் பையின் பழுப்புத்தாளில் அட்டை போட்டு, பெயரையும் பாகத்தையும் தன் கையால் எழுதுவாள். ஒரு பாகத்தை முடித்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் சில்லறை போட்டு அடுத்ததை எடுத்துப் போகலாம். வியாபாரம் பிடித்துக்கொண்டது. அவளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. கடைசிப் பக்கம்வரை தான் படிக்காத புத்தகத்தில் பிளேடு வைக்க மாட்டாள். "நான் குடிச்சுப் பார்க்காத மருந்தை யாருக்கும் குடுக்கிறதில்ல" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வாள்.

அதை அவள் மீறியது ஒரே ஒரு முறை. ராபுருவுக்காக.

ராபுரு ஏரிக்கரைத் தண்ணீர் நிலையத்தில் பம்பு இயக்குபவர். இருபத்துநான்கு வருஷ வேலை. மூன்று முறை மேற்பார்வையாளர் பதவி வந்தது, மூன்று முறையும் வேறு யாருக்கோ போனது. மூன்றாவதாக அதை வாங்கியவன், முதல்நாள் எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்று ராபுருவிடம் கேட்டுக் கற்றவன். அவனை இப்போது 'ஐயா' என்று கூப்பிட வேண்டியிருந்தது. அதன் பிறகு ராபுரு வேலைக்குப் போனார், வந்தார், உகாலிக் களியைச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார், அவ்வளவுதான். எட்டு மாதம் அப்படி. அவர் மனைவி நெரியா பாலர் பள்ளி ஆசிரியை. அவள்தான் கையைப் பிடித்து அபோண்டியிடம் அழைத்து வந்தாள்.

"இன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு, அண்ணே?"

"ஒண்ணும் நடக்கல."

அடுத்த வாரமும் அதே பதில். ரொட்டிக்கடைக்காரி, தபால்காரர், வக்கீல், நான்காவதாக ஒரு பாதிரியார் என்று நான்கு புத்தகம் போய்த் திரும்பி வந்தன. சீட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. தன் மருந்து எதுவும் ஏறாத ஒருவரை அபோண்டி அதுவரை பார்த்ததில்லை. அது அவளை உறுத்தியது.

ஜனவரியில் பள்ளி திறக்கும் வாரம். நிலையம் முழுக்கப் பெட்டியும் மெத்தையுமாக விடுதிக்குப் போகும் பிள்ளைகள். அன்று காலை வந்த பழைய புத்தகக் கட்டில் ஒன்று அவள் கண்ணில் பட்டது: 'படகை அவிழ்த்துவிடு.' ஏதோ குளிர்நாட்டுத் தச்சர் எழுதியது. நாற்பத்துநான்கு வயதில், தன்னிடம் தொழில் கற்றவனுக்குக் கீழே வேலை பார்க்க நேர்ந்த தச்சர். ஒரு நாள் உளியைக் கீழே வைத்துவிட்டு, கடலுக்குப் போக ஒரு படகு கட்டக் கிளம்பிவிடுகிறார். பாடப்புத்தகம் கேட்டு நச்சரித்த கூட்டத்துக்கு நடுவில், நின்றபடியே தொண்ணூறு பக்கம் படித்தாள். இது ராபுருவுக்காகவே எழுதியதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவரே வாசலில் போனார்.

அபோண்டி பிளேடை எடுத்தாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் ஒரு கோடு, இருநூறில் ஒரு கோடு. முதல் பாகத்துக்கு மட்டும் அவசர அவசரமாக அட்டை தைத்து அவர் கையில் திணித்தாள். "காசு வேணாம், அண்ணே. ரெண்டு வாரம். முடிச்சுட்டு ரெண்டாம் பாகத்துக்கு வாங்க."

இரண்டாம் பாகத்தை ஓரமாக வைத்தாள். மூன்றாம் பாகத்தை அன்றைக்கே மத்தாட்டு வேன் நடத்துனர் ஒகுமு பிடுங்கிப்போனான். பதினான்கு பேர் வண்டியில் இருபது பேரை அடைப்பவன். புத்தகத்தையும் பருமன் பார்த்துத்தான் வாங்குவான். இருப்பதிலேயே எது ஒல்லியோ அது.

"டேய், அது கடைசிப் பாகம்டா!"

"முடிவு தெரிஞ்சாப் போதும் அக்கா. ஆரம்பத்தை நானே ஊகிச்சுக்கிறேன்."

இரண்டு வாரம் போயிற்று. ராபுரு வரவில்லை. மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை நெரியா வந்தாள். கையில் தாளில் சுற்றிய புகைபோட்ட மீன். கண் நிறைந்திருந்தது.

"டாக்டரம்மா, அந்த மனுஷன் குளிக்கும்போது பாடுறாரு."

"பாடுறாரா!"

"கோயில் பாட்டு. ராகமே இல்லாம. பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுது. எட்டு மாசத்துக்கு அப்புறம் சாப்பிடும்போது என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுனாரு. ஏரியில கூண்டு போட்டு மீன் வளர்க்கப் போறாராம். வலைக்கெல்லாம் சொல்லி வெச்சாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை வேலையை விடுறேன்னு கடிதம் குடுக்கிறாரு."

மிலிசெண்ட் எண்ணெய்க் கையோடு வந்து அபோண்டியின் முதுகில் தட்டினாள். அபோண்டிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் அந்த மீனை நாலு பேருக்குப் பங்கிட்டு, நாலு பேரிடமும் கதையைச் சொன்னாள்.

புதன்கிழமை ஏரிப் பக்கமிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துக் கட்டி, அதனடியில் உட்கார்ந்து அபோண்டி இரண்டாம் பாகத்தைப் பிரித்தாள்.

முதல் வரியிலேயே படகு மூழ்கியிருந்தது.

தச்சர் இரண்டாவது குளிர்காலத்தையே தாண்டவில்லை. சேமிப்பு போனது. மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் தங்கையின் மளிகைக்கடைப் பின்னறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறார். நூற்றுப்பத்தாம் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்: 'இதுவரை நீங்கள் படித்தது அன்று நான் நம்பியது. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது எவ்வளவு அழகாகக் கேட்கும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.'

அபோண்டி அந்த வரியை மூன்று முறை படித்தாள். தார்ப்பாயின் மேல் தேங்கிய தண்ணீர் சரிந்து தோளில் கொட்டியது. அவள் நகரவில்லை.

ராபுருவுக்கு ஐம்பது முடிய இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. ஐம்பதில் போனால் சாகும்வரை மாதாமாதம் பணம் வரும். அதற்கு முன் தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ஒன்றும் வராது. கடிதத்தில் அலுவலக முத்திரை விழுந்துவிட்டால் திருப்பி வாங்கவும் முடியாது. இதெல்லாம் நெரியா முன்பே சொன்னதுதான். அப்போது அபோண்டிக்கு அது வெறும் கணக்காகப் பட்டது.

"காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திட்டாரு," என்றாள் மிலிசெண்டிடம். "முதல் பாகத்திலேயே நல்லாயிட்டாரு. அதான் ரெண்டாவதுக்கு வரல."

"நீ படிச்சுட்டுத்தானே குடுப்பே?"

அபோண்டி இரண்டாம் பாகத்தை மூடி மடியில் கவிழ்த்தாள்.

மிலிசெண்ட் அளவையைக் கீழே வைத்தாள். "ஐயோ, அபோண்டி."

வியாழக்கிழமை காலை அவள் ஒகுமுவின் வண்டியைத் தேடிக்கொண்டு நிலையத்துக்குள் ஓடினாள். வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. கதவில் தொங்கியபடி அவன் கையை நீட்டி அவளை உள்ளே இழுத்துப் போட்டான்.

"மூணாம் பாகம் எங்கடா?"

"இதோ." மூன்றாம் பாகம் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுநரின் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "ஜாம்ல நிக்கிறப்ப சத்தமா வாசிக்கிறேன் அக்கா. ஜனங்க இறங்க மாட்டேங்குது."

"நேத்து எனக்கு என் நிறுத்தமே போயிடுச்சு," என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் குறைப்பட்டாள். "அந்தத் தச்சன் பட்டறைக் கதவைத் தட்டுனதோட நிறுத்திட்டான் இவன்."

"எனக்கு அது இப்ப வேணும்டா."

"முடியாது அக்கா. இன்னும் பதினெட்டு பக்கம் இருக்கு. ஜனங்க என்னை உதைக்கும்."

"ஒரு ஆளோட வேலை போகப்போகுது, ஒகுமு. என்னால."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எடுத்துக் கொடுத்தான். பின்னால் இருந்த அம்மாள் விடவில்லை. "அப்ப சத்தமாப் படி."

அபோண்டி படித்தாள். தச்சர் பழைய பட்டறைக் கதவைத் தட்டுகிறார். திறப்பவன் அவரிடம் தொழில் கற்றவன். ஏன் வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. அடுப்பில் தேநீர் வைக்கிறான், உன் மேசை அப்படியே இருக்கிறது என்கிறான். தச்சர் பகலில் அவனுக்குக் கீழே வேலை பார்க்கிறார். ஞாயிறுகளில் சின்னதாக, மிகச் சின்னதாக ஒரு படகு கட்டுகிறார். ஆறு வருஷம் ஆகிறது. கடலுக்கு இல்லை, ஆற்றுக்கு. கடைசிப் பக்கத்தில் அந்தப் படகில் அவரும் திரும்பி வந்த மனைவியும் உட்கார்ந்து முட்டை உரித்துச் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான்.

வண்டி ஒரு நிறுத்தத்தில் நின்றது, யாரும் இறங்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றான் ஓட்டுநர்.

"உனக்கு இன்னும் என்னடா வேணும்?" என்றாள் அந்த அம்மாள், மூக்கைத் துடைத்தபடி.

அபோண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நேராகப் பாலர் பள்ளிக்குப் போனாள். நெரியா பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அபோண்டி சொன்னதை வேலியோரமாக நின்று கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டு, கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"குடுக்காதீங்க."

"நெரியா..."

"ரெண்டாம் பாகத்தை அவர் கண்ணுல காட்டாதீங்க. எட்டு மாசம், டாக்டரம்மா. எட்டு மாசம் நான் ஒரு சுவரோட குடித்தனம் பண்ணினேன். என்ன குழம்பு வெச்சேன்னுகூடத் தெரியாம தின்னுட்டு எழுந்து போவாரு. பிள்ளைங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. இப்ப பாடுறாரு. பணம் இல்லாட்டி நான் ஒமேனாப் பொடிமீன் வாங்கிக் காய்ச்சி ஊத்துறேன். பேசுற மனுஷனோட பட்டினி கிடக்கலாம்."

"கூண்டு உடைஞ்சா?"

"உடையும்போது பார்த்துக்கலாம்."

"அப்பவும் அவர் பாடுவாரா, நெரியா?"

நெரியாவின் முகம் இறுகியது. "நீங்கதானே குடுத்தீங்க? குடுக்கும்போது கேட்டிருக்கணும். இப்ப வந்து பாதியைத் திருப்பி எடுத்துக்கிறேங்கிறீங்க." கஞ்சிப் பாத்திரத்தின் பக்கம் திரும்பினாள். "போங்க. பிள்ளைங்க காத்திருக்கு."

கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் அபோண்டி அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். நெரியா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அபோண்டியே இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தது அதுதானே: ஒரு புத்தகம் ஒரு மனிதரை எழுப்பி உட்கார வைத்துவிட்டால் போதும். இவரை எழுப்பிவிட்டது. எழுப்பிய கையாலேயே மறுபடி படுக்க வைப்பதா? பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கூண்டு தங்கினால் அவள் பெயர் ஏரிக்கரை முழுக்கப் பரவும். உடைந்தால் ஏரியைத்தான் குறை சொல்வார்கள்.

அதை நினைத்த மாத்திரத்தில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

முதல் பாகம் ராபுருவிடம் இருந்தது. மிச்ச இரண்டையும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வலை நூலால் ஒரே முதுகாகத் தைத்தாள். முன்னால் தொண்ணூற்றாறு பக்கம் நுழையுமளவு நூலைத் தளர்த்தி விட்டாள். இதுவரை வெட்டித்தான் பழக்கம். ஒட்டுவது கைக்கு வரவில்லை. ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் நிலையத்தின் வாசலில் நின்றாள். எதிரே ஒரு தேநீர்க் கொட்டகை, இரண்டு பெஞ்சு. ஆகாயத்தாமரை அடைத்த ஏரியிலிருந்து பச்சை வாடை வந்தது. ராபுரு வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. மேல் பையில் வெள்ளை உறை. கையில் அந்தப் பழுப்பு அட்டை.

"டாக்டரம்மா! வழியனுப்ப வந்தீங்களா?" குரலே வேறாக இருந்தது. "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? மருந்து தப்பா?"

"மருந்து சரிதான், அண்ணே. பாதிதான் குடுத்தேன்."

"மீதியை அடுத்த வாரம் வாங்கிக்கிறேன். இப்ப ஆபீசு..."

"மீதியை நான் படிக்கல."

அவருக்குப் புரியவில்லை.

"உங்களுக்குக் குடுத்தப்ப மீதியை நான் படிக்கல, அண்ணே. தொண்ணூறு பக்கம் படிச்சேன். எல்லாருக்கும் முழுசாப் படிச்சுட்டுத் தர்றேன்னு சொல்லுவேன்ல? உங்களுக்கு மட்டும் அப்படிச் செய்யல. எது குடுத்தாலும் நீங்க எழுந்திருக்கல. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இதை நேத்துதான் முடிச்சேன்." தைத்த கட்டை நீட்டினாள். "இதைப் படிச்சுட்டு உள்ள போங்க. அதுக்கப்புறமும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா, நானே கதவைத் திறந்து விடுறேன்."

ராபுரு அதை வாங்கவில்லை.

"என்ன இருக்கு இதுல?"

"நான் சொல்ல மாட்டேன். பாதியைச் சொல்லித்தான் இந்த வம்பு."

"எனக்குத் தெரியும் என்ன இருக்கும்னு." அவர் குரல் ஏறியது. தேநீர்க் கொட்டகைக்காரர் திரும்பிப் பார்த்தார். "பயம் இருக்கும். நெரியாவோட அண்ணன் சொல்றான், கோயில்ல பாதிரியார் சொல்றாரு, இப்ப நீயும். தைரியத்தை நீதானே எனக்கு வித்தே? இப்ப திருப்பி வாங்க வந்துட்டியா?"

"ஆமா, அண்ணே. அளவு குறைச்சு வித்துட்டேன். அதான் வந்தேன்."

ராபுரு அலுவலக வாசலைப் பார்த்தார். கையிலிருந்த முதல் பாகத்தைப் பார்த்தார். அட்டையின் ஓரம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. எத்தனை முறை புரட்டியிருக்கிறார் என்று அபோண்டிக்குத் தெரிந்தது. பிறகு பையிலிருந்து உறையை உருவி அவளிடம் நீட்டினார்.

"பிடி. கோட்டுல வெச்சுட்டு உக்காந்தா கசங்கும். கிழிச்சுடாதே."

"கிழிக்க மாட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். மெதுவாகப் படிக்கிறவர். உதடு அசையும். அபோண்டி எதிர்ப் பெஞ்சில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாலில் கொதித்த தேநீர் வந்து, ஆடை படிந்து, ஆறிப்போனது. மூன்று மணிக்கு அவர் முகம் செத்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். மேற்கு வாசலில் 'ஒண்ணும் நடக்கல' என்று சொன்ன முகம். அவளுக்கு எழுந்து போய் அந்தக் கட்டைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது. உறையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

நாலரைக்கு உள்ளேயிருந்து எழுத்தர் வந்து அலுவலகக் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. ராபுரு தலை நிமிர்த்திக் கதவைப் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

ஐந்து மணிக்கு முடித்தார். ஆறிய தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"அவனுக்குத் தேநீர் வெச்சுக் குடுத்தானாம்," என்றார் கடைசியில். "கத்துக்கிட்டவன்."

"ஆமா."

"என்னோடவனும் குடுப்பான். தினம் கேக்கிறான். நான்தான் வேணாம்னுடுவேன்." கையை நீட்டினார். அபோண்டி உறையைக் கொடுத்தாள். அதைப் புத்தகத்துக்குள், முட்டை உரித்துத் தின்ற பக்கத்தில் வைத்து மூடினார். "திங்கக்கிழமையும் ஆபீசு உண்டு," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. எழுந்து போனார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் கடிதம் கொடுக்கவில்லை. அடுத்த திங்களும் கொடுக்கவில்லை. ஆனால் குளியலறையில் பாட்டு நின்றுவிட்டது என்று கேள்வி. நெரியா மேற்கு வாசல் வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போக வேண்டும். அவள் எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். அபோண்டி கையை உயர்த்தினால் அவள் பேருந்து பார்ப்பதுபோல வேறு எங்கோ பார்த்தாள். இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்தில் அபோண்டி இருக்கிற முதல் பாகங்களுக்கெல்லாம் புது அட்டை போட்டாள். உள்ளே சீட்டில் ஒரு வரி கூடியது: 'இந்தப் புத்தகம் இன்னும் முடியவில்லை. முடியும்வரை வேலையை விடாதே, கல்யாணம் செய்யாதே, யாரிடமும் சண்டைக்குப் போகாதே.' மிலிசெண்ட் அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "மாமியார்கிட்ட வாய் திறக்காதேன்னும் சேத்துக்க."

"அது அறுபதாம் பக்கம். நான் முழுசாப் படிச்சது."

மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, தார்ப்பாய்க்கு முன்னால் ஒரு நிழல் விழுந்தது. அபோண்டி நிமிர்ந்தாள். நெரியா. தூக்கம் கெட்ட கண். முகத்தில் சிரிப்பு இல்லை.

அபோண்டி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். வேறு என்ன கேட்பதென்று தெரியாததால் எப்போதும் கேட்பதையே கேட்டாள்.

"இன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரே ஒரு கூண்டு. சின்னது. அதுல இருக்கிற மீனை எண்ணி எனக்குக் காட்டுறாரு, ஏதோ பிள்ளை பெத்த மாதிரி. வேலைக்கும் போறாரு." நெரியா நிறுத்தினாள். "காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சுட்டாரு."

"எதை?"

"பாட்டை. அதே பாட்டு. முன்னைவிட மோசம். நாயும் கூடச் சேந்துக்குது." அவள் குந்தி உட்கார்ந்து, பழுப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "காதை அடைச்சுக்க ஏதாவது புத்தகம் இருக்கா, டாக்டரம்மா? முழுசா வேணும். வெட்டாதது."